பிறந்தநாள் பார்ட்டியில் பந்தயம் கட்டி குடிப்பவர்களா நீங்கள்? உயிருக்கு உலை வைக்காமல் இருக்க இதைப் படியுங்கள்

பிறந்தநாள் என்றால் புதுச்சட்டை, கோவில், பள்ளிக்கூடத்தில் ஆரஞ்சு மிட்டாய் என்று இருந்த காலம் மலையேறி விட்டது. இப்போது நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வியே, "மச்சி, ட்ரீட் எப்போ?" என்பதுதான். ட்ரீட் என்றால் பல பேருக்கு பாட்டில் என்று அர்த்தம். கேக் வெட்டுவது செல்போனில் படம் எடுப்பதற்கு மட்டும்தான்.

சும்மா குடித்தால் 'கிக்' இல்லை என்று நடுவில் ஒரு விளையாட்டையும் வைக்கிறார்கள். சீட்டில் தோற்றவன் ஒரு ரவுண்டு அடிக்க வேண்டும். அந்தாக்ஷரியில் பாட்டு வராதவன் ஒரு ரவுண்டு. கேள்விக்கு பதில் சொல்ல மறுத்தால் ஒரு ரவுண்டு. கடைசியில், ஒரு குவார்ட்டரை தண்ணீர் கலக்காமல் ஒரே மூச்சில் யார் இறக்குவது என்ற பந்தயம் வேறு.

குடிக்காமல் இருப்பதுதான் நல்லது என்று பாட்டிலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. அதில் மாற்றுக் கருத்து கிடையாது. ஆனாலும் சனிக்கிழமை இரவு ஆனால் தோட்டத்து மோட்டார் ரூமிலும், மொட்டை மாடியிலும், லாட்ஜ் அறையிலும் பார்ட்டி நடக்கத்தான் செய்கிறது. மறுநாள் அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்று செய்தி சேகரிப்பது எங்கள் வேலை. அப்படி நடக்கும் பார்ட்டியில் பத்து பேர் போனால் பத்து பேரும் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகவே இந்த தகவல்கள்.

தோற்பவனே மறுபடி தோற்பான்

குடி விளையாட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தோற்றவன் குடிக்க வேண்டும் என்பது விதி. குடித்தவனுக்கு கையும் கண்ணும் தடுமாறும், ஞாபகம் குறையும். எனவே அடுத்த ஆட்டத்திலும் அவனே தோற்பான். மறுபடியும் குடிப்பான். யாருக்கு ஏற்கனவே அதிகமாகி விட்டதோ அவனுக்கே மேலும் மேலும் ஊற்றுகிற ஆட்டம் இது.

சாதாரணமாக குடிக்கும்போது, "போதும்டா, தலை சுத்துது" என்று ஒருவன் நிறுத்திக்கொள்ள இடம் உண்டு. விளையாட்டில் அது முடியாது. நிறுத்தினால் "பயந்தாங்கொள்ளி" என்று கிண்டல் செய்வார்கள். உடம்பு சொல்வதை கேட்காமல் சீட்டுக்கட்டு சொல்வதை கேட்கிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பிறந்தநாள்காரர் பாடு இன்னும் மோசம். "எனக்காக ஒண்ணே ஒண்ணு மாப்ள" என்று ஒவ்வொருவரும் ஊற்றிக் கொடுப்பார்கள். கொடுப்பவருக்கு அது ஒன்றுதான். பத்து பேர் கொடுத்தால் வாங்கியவருக்கு பத்து! யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று யாருமே எண்ணுவது இல்லை.

குவார்ட்டர் கணக்கு

நம்ம ஊர் குவார்ட்டர் பாட்டிலில் இருப்பது 180 மி.லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் அதில் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. 30 மி.லி. ஸ்மால் பெக் ஒன்றில் 10 கிராம். 60 மி.லி. லார்ஜில் 20 கிராம். ஆளுக்குப் பாதியாக பிரித்துக் கொள்ளும் 'கட்டிங்'கில் 30 கிராம்.

பீர்தானே, ஒண்ணும் பண்ணாது என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டும். 650 மி.லி. பாட்டில், 8 சதவீதம் ஸ்ட்ராங் பீர் என்றால் அதில் சுமார் 40 கிராம் இருக்கிறது. அதாவது ஒரு ஸ்ட்ராங் பீர், இரண்டு லார்ஜுக்கு சமம்.

நம் கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். எலுமிச்சை ஜூஸ், மோர், பிளாக் காபி, தலையில் பச்சைத் தண்ணீர் என்று எதைச் செய்தாலும் இந்த வேகம் கூடாது. காபி குடித்தால் தூக்கம் கலையும், போதை அப்படியே இருக்கும். ஒரு குவார்ட்டர் கரைய 6 முதல் 9 மணி நேரம் ஆகும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் வெறும் வயிற்றில் ஒரு குவார்ட்டரை மடமடவென குடித்தால், 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 150 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறும். வண்டி ஓட்ட சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம் மட்டுமே. பந்தயத்தில் ஒரு ஆஃப் பாட்டிலை, அதாவது 360 மி.லி.யை அப்படியே இறக்கினால் 300-ஐ தொடும். அந்த அளவில் ஆள் சுயநினைவு இழக்கலாம். 400-ஐ தாண்டினால் மூச்சை நடத்தும் மூளைப் பகுதியே அடங்கிப் போய் உயிர் போகலாம். எடை குறைவானவர்களுக்கும் பெண்களுக்கும் இதைவிட குறைந்த அளவிலேயே அதே நிலை வந்துவிடும்.

இதில் இன்னொரு விஷயம். குடித்து முடித்த நிமிடத்தில் போதை உச்சத்துக்கு வந்துவிடுவது இல்லை. வயிற்றில் இருப்பது ரத்தத்தில் கலந்து உச்சத்துக்கு வர அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். பந்தயத்தில் ஜெயித்து கை தட்டு வாங்கியவன் அப்போது நன்றாகத்தான் இருப்பான். "ஒண்ணும் ஆகலையே" என்று இன்னொன்று கேட்பான். அரை மணி கழித்து சரிந்து விழுவான். படுத்து தூங்குகிறான் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அவன் தூங்கும்போதும் ரத்தத்தில் அளவு ஏறிக்கொண்டே இருக்கும் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆட்டத்தை மாற்றுங்கள்

விளையாட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்டனையை பாட்டிலில் இருந்து பிரித்து விட்டால் போதும். தோற்றவன் பாகற்காய் ஜூஸ் ஒரு மடக்கு குடிக்கட்டும். தோப்புக்கரணம் போடட்டும். பழைய பாட்டு ஒன்றை ஆக்ஷனோடு பாடட்டும். பிரியாணி பாத்திரம் கழுவட்டும்! ஆட்டம் அப்போதுதான் உண்மையிலேயே களை கட்டும். குடிக்கிறவர்கள் அவரவர் வேகத்தில் தனியாக குடித்துக் கொள்ளலாம். குடிக்காத நண்பனும் கூட உட்கார்ந்து விளையாடலாம். அவன் கையில் கோலா இருந்தால், "என்னடா பால் குடிக்கிறியா" என்று கிண்டல் செய்யாமல் இருந்தால் சரி.

மொட்டை மாடி சுவரில் நடப்பது, கிணற்றில் குதிப்பது, பைக் வீலிங், யாருக்காவது போன் போட்டு வம்பு இழுப்பது போன்றவை தண்டனையாக இருக்கவே கூடாது. ஒரே மூச்சில் குடிக்கும் பந்தயத்துக்கு பார்ட்டி நடத்துபவர் ஆரம்பத்திலேயே தடை போட்டுவிட வேண்டும். பணம் வைத்து பந்தயம் கட்டினால் அது ஆளை இன்னும் உசுப்பேற்றும். 500 ரூபாய்க்காக வயிற்றில் இறக்குகிறவன் ஆஸ்பத்திரியில் எத்தனை ஆயிரம் கட்டுவான் என்று யாரும் யோசிப்பது இல்லை.

அளவுக்கு ஒரு பெக் மெஷர் வாங்கி வையுங்கள். யூஸ் அண்ட் த்ரோ டம்ளரில் கண் அளவில் ஊற்றினால் முதல் ரவுண்டு 60 இருக்கும், நான்காவது ரவுண்டு 120 ஆகிவிடும். ஊற்றுபவரும் போதையில் இருப்பார் அல்லவா! எனவே ஊற்றும் வேலை குடிக்காத ஒருவரிடம் இருக்கட்டும். வண்டி சாவிகள் அத்தனையும் அவரிடமே இருக்கட்டும். பத்து பேருக்கு ஒருவராவது இப்படி முழு நிதானத்தில் இருக்க வேண்டும். கடைசி வரை. "எல்லாரும் அடிச்சாச்சு, நீயும் ஒண்ணு அடி" என்று 11 மணிக்கு அவரையும் கெடுத்து விடுவார்கள். அதற்கு மசியாத ஆளாக பார்த்து சொல்லி வையுங்கள்.

சாப்பாட்டை முதலில் திறங்கள்

நம்ம பார்ட்டிகளில் நடக்கும் பெரிய தப்பு இது. பிரியாணி பொட்டலம் 7 மணிக்கே வந்துவிடும். ஆனால் ஒரு மூலையில் இருக்கும். ஊறுகாயும், மிக்சரும், மாங்காய் கீற்றும்தான் நடுவில் இருக்கும். 11 மணிக்கு பிரியாணியை பிரிக்கும்போது பாதி பேர் வாந்தி எடுத்துக் கொண்டிருப்பார்கள்.

வயிற்றில் சாப்பாடு இருந்தால் சரக்கு ரத்தத்தில் கலக்கும் வேகம் குறையும். முதலில் சாப்பாடு, அரை மணி கழித்து மற்றது என்று வைத்துக் கொள்ளுங்கள். முட்டை, சிக்கன், சுண்டல், தயிர் சாதம் எல்லாம் நல்லது. உப்பும் காரமும் மட்டுமே வைத்தால் தாகம் கூடி இன்னும் குடிக்க வைக்கும். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று கட்டாயம். ஒரு டம்ளர் சரக்குக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்று பழக்கப்படுத்துங்கள். எனர்ஜி டிரிங்க் கலந்து குடிப்பதை தவிர்க்கவும். அது போதையை குறைக்காது, போதை ஏறியது தெரியாமல் மறைத்துவிடும்.

யாருக்கு ஊற்றவே கூடாது?

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக்கூடாது. கல்லூரி முதலாமாண்டு, இரண்டாமாண்டு மாணவர்கள் பெரும்பாலும் இந்த வயதுக்கு கீழேதான் இருக்கிறார்கள். அண்ணன் பார்ட்டி என்று பின்னால் வரும் பிளஸ்-2 தம்பிக்கு "டேஸ்ட் பாருடா" என்று கொடுப்பவர்கள் நாளை அவன் அம்மாவுக்கு பதில் சொல்ல வேண்டி வரும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள், வலிப்பு மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், மஞ்சள் காமாலை வந்து தேறியவர்கள் குடித்தால் ஆபத்து அதிகம். சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும். பார்ப்பவர்கள் போதை என்றே நினைத்து விடுவார்கள்.

குடியை நிறுத்த டாக்டர் கொடுக்கும் மாத்திரைகளில் ஒரு வகை உண்டு. அதை சாப்பிட்டவர் கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி விழுந்து விடுவார். சில வீடுகளில் குழம்பிலோ காபியிலோ தெரியாமல் கலந்து கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. அது மிகவும் தவறு. குடிப்பவருக்கே தெரியாமல் இருப்பதால் பார்ட்டியில் உயிருக்கே ஆபத்தாகி விடும். சிகிச்சை எடுத்து குடியை விட்டவரை, "இன்னைக்கு மட்டும்" என்று கூப்பிடுவதைப் போல பாவம் வேறு இல்லை.

மோட்டார் ரூமும் கிணறும்

கொங்கு பக்கம் தோட்டத்து கிணறுகள் பலவற்றுக்கு சுற்றுச்சுவர் கிடையாது. மோட்டார் ரூமுக்கு பத்தடி தள்ளி ஆழமான கிணறு இருக்கும். இருட்டில் சிறுநீர் கழிக்க எழுந்து போகிறவன் தவறி விழுந்தால் சத்தம்கூட கேட்காது. பாட்டு வேறு அலறிக்கொண்டு இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் பார்ட்டியே வேண்டாம். வேறு வழியில்லை என்றால் கிணற்றுப் பக்கம் லைட் போட்டு, கயிறு கட்டி மறித்து விடுங்கள். மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவர் இடுப்பளவாவது உள்ள மாடியாக இருக்க வேண்டும்.

ஆற்றங்கரை, அணைக்கட்டு, அருவி எல்லாம் பகலிலேயே ஆபத்து. காவிரியிலும் பவானியிலும் மேலே அமைதியாகத் தெரியும் இடத்தில் கீழே சுழல் இருக்கும். நீச்சல் தெரிந்தவனும் போதையில் மூழ்குவான். பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தால் போலீசார் வழக்கு போடுவார்கள் என்பது தனி.

கேக் வெட்டும்போது முகத்தில் அடிக்கும் ஸ்நோ ஸ்பிரேயில் இருக்கும் வாயு தீப்பிடிக்கக் கூடியது. மெழுகுவர்த்தி எரியும்போது அடிக்காதீர்கள். பிறந்தநாள்காரரை தூக்கிப் போட்டு முதுகிலும் வயிற்றிலும் மிதிக்கும் 'பம்ப்ஸ்' பழக்கமும் போதையில் விபரீதமாக முடியும். குடித்தவனுக்கு அடியின் வலியும் தெரியாது, அடிப்பவனுக்கு அளவும் தெரியாது.

கல்யாண மண்டபத்தில் வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 2023-ம் ஆண்டு ஏப்ரலில் மண்டபங்களில் மது பரிமாற சிறப்பு உரிமம் என்று அறிவிப்பு வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சர்வதேச விளையாட்டு போட்டி, மாநாடு போன்றவற்றுக்கு மட்டும் என்று மாற்றப்பட்டது. எனவே மண்டபம் கிடையாது. வீட்டிலும் ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு ஊற்றினால் அது விற்பனை என்றாகி சிக்கலில் மாட்டுவீர்கள். விலை குறைவு என்று கர்நாடகாவில் இருந்தோ புதுச்சேரியில் இருந்தோ பெட்டி பெட்டியாக கொண்டு வருவதும் குற்றம்தான். இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் அலறினால் பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கு போன் போட உரிமை உண்டு.

மலிவுக்கு ஆசைப்படாதீர்கள்

கடை மூடிய பிறகு சரக்கு தீர்ந்து விட்டால்தான் உண்மையான ஆபத்து. நள்ளிரவில் பிளாக்கில் எங்கே கிடைக்கும் என்று ஒருவன் கிளம்புவான். அதில் எதைக் கலந்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டு பகுதிகளில் விஷ சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டிலும் எமன் மெத்தனால்தான்.

மெத்தனால் உடனே காட்டிக் கொடுக்காது. சாதாரண போதை போலவே இருக்கும். அரை நாள் அல்லது ஒரு நாள் கழித்துதான் கண் மங்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். பார்ட்டிக்கு மறுநாள் யாராவது "கண்ணு புகை மூட்டமா தெரியுது" என்று சொன்னால் ஹேங் ஓவர் என்று விட்டுவிடாமல் அந்த நிமிடமே அரசு மருத்துவமனைக்கு கொண்டு போங்கள். கூட குடித்தவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் காட்ட வேண்டும்.

சரக்கு தீர்ந்தால் பார்ட்டியும் தீர்ந்தது என்று முதலிலேயே சொல்லி விடுங்கள்.

ஒருவன் விழுந்து விட்டால்...

தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவாக வருகிறது அல்லது ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் பத்து நொடி இடைவெளி விழுகிறது, உதடும் நகமும் நீலம் பாரிக்கிறது, உடம்பு சில்லிட்டு ஈரமாக இருக்கிறது, நினைவு இல்லாமலே வாந்தி எடுக்கிறான், வலிப்பு வருகிறது... இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். எல்லாம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை ஆளை மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைத்துத்தான் பல பேர் இறக்கிறார்கள். ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை முட்டி மடக்கி முன்னால் வைத்து, வாய் தரையைப் பார்க்கும்படி தலையை லேசாக பின்னால் சாய்த்து விடுங்கள். ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு நின்றுவிட்டால் 108-ல் பேசுபவரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி நெஞ்சை அழுத்த ஆரம்பியுங்கள்.

மோர், புளித் தண்ணீர், உப்புத் தண்ணீர் என்று எதையும் நினைவில்லாதவன் வாயில் ஊற்றாதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாத்ரூமில் தள்ளி தலையில் தண்ணீர் ஊற்றினால் ஏற்கனவே குளிர்ந்த உடம்பு இன்னும் குளிரும், வழுக்கி விழுந்து மண்டையும் உடையும்.

"வீட்டுக்குத் தெரிஞ்சா அடி விழும், போலீஸ் வரும்" என்று பயந்து மறைப்பதில்தான் பல உயிர்கள் போகின்றன. டாக்டரிடம் எத்தனை மணிக்கு, என்ன சரக்கு, எவ்வளவு, கூட வேறு மாத்திரை ஏதாவது உண்டா என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

வீட்டுக்கு எப்படி போவது?

ஒரே ஒரு லார்ஜ் குடித்தவரே 30 மில்லிகிராம் அளவை தாண்டி விட வாய்ப்பு உண்டு. குடித்து வண்டி ஓட்டி பிடிபட்டால் முதல் முறை 10 ஆயிரம் ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இரண்டும் சேர்ந்தும் வரலாம். 2022 அக்டோபரில் இருந்து சென்னையில் போதை ஆசாமி ஓட்டும் வண்டியில் கூட உட்கார்ந்து போகிறவர் மீதும் வழக்கு என்று போக்குவரத்து போலீசார் அறிவித்தனர். எனவே "நான் ஓட்டலையே சார்" என்று தப்பிக்கலாம் என நினைக்க வேண்டாம்.

பத்து பேருக்கு பாய், தலையணை ஏற்பாடு செய்வது பார்ட்டி நடத்துபவர் பொறுப்பு. இல்லை என்றால் ஆட்டோ, கால் டாக்சிக்கு பணத்தை முன்பே எடுத்து தனியாக வையுங்கள். பாட்டிலுக்கு மூவாயிரம் செலவு செய்கிறவர்கள் ஆட்டோவுக்கு முன்னூறு கொடுக்க யோசிப்பது ஆச்சரியம்தான்.

காலையிலும் அவசரப்பட்டு சாவியை கொடுத்துவிடக் கூடாது. நள்ளிரவில் குவார்ட்டரை முடித்தவர் உடம்பில் காலை 7 மணிக்கும் மிச்சம் இருக்கும். முகம் கழுவி டீ குடித்துவிட்டு தெளிவாகத்தான் இருப்பார், ஊதச் சொன்னால் மெஷின் வேறு கதை சொல்லும். டிபன் சாப்பிட வைத்து, முற்பகல் வரை உட்கார வைத்து அனுப்புங்கள். தலைவலி என்று கண்ட மாத்திரையை அள்ளிப் போட வேண்டாம். தண்ணீர் நிறைய குடிக்கச் சொல்லுங்கள்.

குடியை விட வேண்டும் என்று நினைப்பவர்கள் 14446 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். மற்ற உடல்நலச் சந்தேகங்களுக்கு 104.

காலி பாட்டில்களை வரப்பில் உடைத்து வீசி விட்டுப் போகாமல் ஒரு சாக்குப் பையில் கட்டி எடுத்துச் செல்லவும். திங்கட்கிழமை அந்த வயலில் வெறுங்காலோடு இறங்கி களை எடுக்க ஆட்கள் வருவார்கள்.